பழைய டெஸ்க்டொப்பில் சீரியல் மோடம்: டயல் டோன் இல்லை என்கிறது, பிரிண்டரும் குழப்புகிறது

உப்புவெளிக் கடை:
வணக்கம். அப்பாவின் கடையில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி டெஸ்க்டொப்தான். பில் அடிக்கும் புரோகிராம் டோஸ் காலத்தது, கார்பன் வைத்துப் பிரதி எடுக்க வேண்டும் என்பதால் எப்சன் எல்எக்ஸ்-300 பிரிண்டரையும் விட முடியாது. கொழும்பில் சரக்கு எடுக்கும் இடத்தில் ஓர்டரை பேக்ஸில்தான் கேட்கிறார்கள், அதற்காக வெளியே வைக்கும் சீரியல் மோடம் ஒன்றைப் பூட்டினேன். லைட் எரிகிறது, விண்டோஸும் மோடத்தைக் கண்டுகொண்டது, ஆனால் அனுப்பப் போனால் டயல் டோன் இல்லை என்று நிற்கிறது. அதே லைனில் போனை மாட்டினால் டோன் கேட்கிறது. லைனில் ஏடிஎஸ்எல் இன்டர்நெட்டும் உண்டு. பிரிண்டர் வேறு சில நேரம் எழுத்துக்குப் பதில் குப்பையாக அடிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

உவர்மலையான்:
தம்பி, தொடர்பு இருக்காது, மோடம் சீரியல் போர்ட்டில், பிரிண்டர் பேரலல் போர்ட்டில். ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் பிரிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஹைப்பர் டெர்மினலை (மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அடிக்க எக்ஸ்பியோடு வரும் புரோகிராம்) திறந்து, மோடம் இருக்கும் கொம் போர்ட்டை, அதாவது சீரியல் போர்ட்டைத் தெரிவு செய்து ஏடி என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று பதில் வந்தால் மோடம், கேபிள், போர்ட் மூன்றும் சரி, பிரச்சினை போன் லைன் பக்கம். பிறகு மோடத்தின் பின்னால் பாருங்கள், ஒரே மாதிரி இரண்டு துளை இருக்கும், சுவரிலிருந்து வரும் வயர் லைன் என்று எழுதியதில்தான் போக வேண்டும், போன் என்றதில் அல்ல.

அதுவும் சரியென்றால் எக்ஸ்3 கட்டளை கொடுங்கள். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். கொன்ட்ரோல் பேனலில் மோடத்தின் புரொப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்ட் பக்கத்தில் கூடுதல் கட்டளைக்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஹைப்பர் டெர்மினலில் இருந்தே உங்கள் கைபேசிக்கு டயல் செய்து பார்க்கலாம், மணி அடித்தால் பாதி வேலை முடிந்தது.

நிலாவெளி ரோட்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் ஏடிஎஸ்எல் இருக்கிறது என்கிறாரே, மோடத்துக்கு ஸ்பிளிட்டர் (பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) போட்டாரா? பேச்சு 4 கிலோஹேர்ட்ஸுக்குள் போகிறது, ஏடிஎஸ்எல் ஏறத்தாழ 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே, இரண்டும் ஒரே செப்புக் கம்பியில். நம் காதுக்குச் சுத்தமாகக் கேட்கிற டோன்கூட மோடத்துக்கு இரைச்சலாக இருக்கலாம். ஸ்பிளிட்டரின் போன் பக்கத்தில் இருந்து மோடத்துக்கு வயர் எடுங்கள். வொயிஸ் மெயில் இருந்து, கேட்காத செய்தி கிடந்தால் டோன் விட்டு விட்டு வரும், பழைய மோடம் அதை டோன் என்றே எடுக்காது. அதையும் அழித்துவிடுங்கள்.

பிரிண்டர் குப்பை அடிப்பதற்கு முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். நீளக் கேபிள் வேண்டாம், 2 மீற்றருக்குள் இருந்தால் நல்லது. இங்கே கடல் காற்றில் பின்கள் பச்சை பிடிக்கும், கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். அப்புறம் பயோஸில் (மெஷின் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) பேரலல் போர்ட் ஈசிபி என்ற வேக முறையில் இருந்தால் நோர்மலுக்கு மாற்றிப் பாருங்கள், டோஸ் புரோகிராமுக்கு அதுவே போதும். எதைக் கழற்றினாலும் பூட்டினாலும் மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். யூஎஸ்பி போல ஓடும்போது பிடுங்கினால் பேரலல் போர்ட்டும், பிஎஸ்2 கீபோர்ட்டும் போய்விடக்கூடும், அந்தப் பழைய மதர்போர்டுக்கு இப்போது மாற்று எங்கே தேடுவது?

உப்புவெளிக் கடை:
இருவருக்கும் மிக்க நன்றி. ஓகே வந்தது, ஸ்பிளிட்டர் போட்டதும் டயலும் செய்கிறது, முதல் பக்கம் கொழும்புக்குப் போய்விட்டது! பிரிண்டரைக் கடை மூடிய பிறகு பார்க்கிறேன். பவருக்கு சேர்ஜ் புரொடெக்டர் போட்டிருக்கிறேன், மின்னலுக்கு அது போதுமா?

உவர்மலையான்:
போதாது தம்பி. மின்னல் போன் வயர் வழியாகவும் வரும், மோடத்தோடு மதர்போர்டையும் சேர்த்து எரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே பவர் பிளக், போன் வயர் இரண்டையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரவில் கடை பூட்டும்போதும் அப்படியே.