புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் முறுக்குக் கடைப் பெயர் விவகாரம்

அண்ணி முறுக்கு விற்கும் அதே பெயரில் ஈப்போவில் ஒருவர் பாக்கெட் போடுகிறார், எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவை வைத்துத் தடுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முடியாது. எஸ்எஸ்எம் பதிவு வியாபாரம் நடத்தத்தான். வருடா வருடம் 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டினாலும் பெயர் நமக்கே சொந்தமாகிவிடாது. அதற்கு மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். சின்னம் பதியப் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; முறுக்கு 30-ஆம் வகுப்பில் வருகிறது. பதிவு கிடைத்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு, அப்புறம் புதுப்பிக்கலாம். விண்ணப்பம் போட்டாயிற்று. விண்ணப்ப விவரத்தை மைஐபிஓ வெளியிட்ட பிறகு மற்றவர்கள் ஆட்சேபிக்க 2 மாதம் உண்டு.

யார் முதலில் பயன்படுத்தியது என்ற கேள்வி வந்தால் ஆதாரம்தான் பேசும். நல்லவேளை, அண்ணி எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை. பிஸ்கட் டின்னுக்குள் அச்சகத்து லேபல் பில், தீபாவளி ஆர்டர் நோட்டு எல்லாம் இருந்தன. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) சுட்டு விற்ற காலத்துப் பில்லில் மை மங்கிவிட்டது, தேதி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டோம். கடை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இதைச் செய்யுங்கள்.

விற்பனைக்கு, கூகள் மேப்பில் கடையை ஏற்றி, வாட்ஸ்அப்பில் தமிழிலும் மலாயிலும் விலைப்பட்டியல் போட்டிருக்கிறோம். ஹலால் சின்னம் ஒட்டச் சிலர் சொன்னீர்கள். முறையான சான்றிதழ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது, சட்டப்படி குற்றம்.

ஈப்போக்காரருக்கு இன்னும் நோட்டீஸ் அனுப்பவில்லை. பதிவு வந்ததும் வக்கீலைப் பார்ப்போம்.