பாதத்தைக் கீறினால் காலையே இழுத்துக்கொள்கிறார்: பாபின்ஸ்கியா, கூச்சமா?

கேள்வி: உள்ளங்காலைக் கீறியதும் நோயாளி முழங்காலை மடக்கிக் காலை இழுக்கிறார், பெருவிரலும் மேலே போகிறது. இது பாபின்ஸ்கியா (மூளையிலிருந்து தசைக்கு வரும் நரம்புப் பாதை பழுதானதைக் காட்டும் அறிகுறி), வெறும் கூச்சமா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1: கீறும் இடத்தைச் சரிபாருங்கள். நடுக்குழிவைத் தொட்டால் யாருக்கும் கூசும். மல்லாந்து, முழங்கால் நீட்டி, தளர்வாகப் படுக்கவையுங்கள். குதிகாலின் வெளிவிளிம்பில் தொடங்கிச் சுண்டுவிரல் அடிவரை வந்து, உள்பக்கம் வளைத்து, பெருவிரல் அடிக்கு முன்பே நிறுத்துங்கள். 5 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் பிழை வரும். சாவியின் மழுங்கிய முனை போதும், ஊசி கூடவே கூடாது. பெருவிரலின் அடிமூட்டில் நிகழும் முதல் அசைவே கணக்கு. அது மெதுவாக நிமிர்ந்தால் பாபின்ஸ்கி. கணுக்காலும் முழங்காலும் சட்டென்று, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக மடங்கினால் கூச்சம்.

பதில் 2: அப்போதும் குழப்பமென்றால் சாடாக் முறை: வெளிக்கணுவுக்குக் கீழிருந்து பாதத்தின் வெளிப்பக்கமாகக் கீறுங்கள். அங்கே கூச்சம் குறைவு.

பதில் 3: முதலில் நோயாளியிடம் பெருவிரலைத் தானே நிமிர்த்தச் சொல்லுங்கள். பெரோனியல் நரம்பு (பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளை இயக்கும் கால் நரம்பு) செயலிழந்திருந்தால் மூளைப் பாதை பழுதானாலும் விரல் எழாது. பலர் இதை மறந்து 'இயல்பு' என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விரல் நிமிர்வது இயல்பே.