கேனன் என்ற இசை வடிவத்துக்கு ‘அடியொற்றிசை’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே மெட்டைப் பல குரல்கள் சற்று இடைவெளிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிப் பாடும் இசை வடிவமே கேனன். இதற்கொரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்; ‘பின்பாட்டு’ போன்ற பரிந்துரைகள் வந்துள்ளன. பாடகர் குழுக்கள் பாடும் இலத்தீன் கேனன்களைப் பற்றித் தமிழில் எழுத முற்படும்போது, ‘கேனன்’ என்று அப்படியே எழுதினால் அது திருச்சபைச் சட்டத்தையும் விவிலிய நூல்களின் திருமுறையையும் நினைவூட்டி மயக்கம் தருகிறது. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு அளவுகோல், விதி என்பன பொருள். பழைய ஏடுகளில் ஒரு குரலை மட்டும் எழுதி, பிற குரல்கள் எப்போது, எந்தச் சுரத்தில் நுழைய வேண்டும் என்று சொல்லும் குறிப்பையே கேனன் என்றனர். வடிவத்துக்கு ஃபூகா என்றே பெயர் இருந்தது. ஆகவே ‘விதியிசை’ என்பது மூலத்துக்கு நேர்மையான சொல்லே எனினும், பாடுபவருக்கு அது எதையும் காட்டாது.

‘பின்பாட்டு’ என்ற பரிந்துரையை நான் ஏற்கத் தயங்குகிறேன். கூத்திலும் பசனையிலும் முன்னவர் பாடி நிறுத்திய பிறகே பின்பாட்டுக்காரர் அந்த அடியை எடுப்பர். கேனனிலோ முன்னவர் நிறுத்துவதே இல்லை. அவர் இரண்டாம் அடிக்குச் செல்லும்போது அடுத்தவர் முதல் அடியைத் தொடங்க, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஒலிக்கின்றன. இந்தப் பொருத்தமே வடிவத்தின் உயிர். ‘தொடர்பாடல்’ அழகிய சொல்தான், ஆனால் இலங்கைத் தமிழில் அது தகவல் பரிமாற்றத்துக்கு நிலைபெற்றுவிட்டது. ‘சுழல்பாட்டு’ முடிவின்றிச் சுற்றிவரும் வகைக்கு மட்டுமே பொருந்தும்.

என் பரிந்துரை ‘அடியொற்றிசை’. ‘அடி’ என்பது காலடியையும் பாட்டின் அடியையும் ஒருங்கே குறிப்பதால், முன் சென்ற குரலின் அடியை அப்படியே பற்றி வருதல் என்ற பொருள் இயல்பாகக் கிடைக்கிறது. ‘மூன்று குரல் அடியொற்றிசை’, ‘சுழல் அடியொற்றிசை’ என்று விரித்துக்கொள்ளவும் இயலும்.

இதில் நான் இவ்வளவு அக்கறை கொள்வதற்குக் காரணம், பல சபையினரும் கூடும் கிறித்தவ ஒன்றிப்பு வழிபாட்டில் இவ்வடிவத்துக்கு உள்ள இடமாகும். 1940இல் சகோதரர் ரோஜே பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் தொடங்கிய தேஸே என்னும் துறவியர் குழுமத்தில், பல நாடுகளிலிருந்தும் பல சபைகளிலிருந்தும் வரும் இளைஞர்கள் ஒத்திகைக்கு நேரமின்றிச் சேர்ந்து பாட வேண்டியிருந்தது. 1970களின் நடுவிலிருந்து கத்தோலிக்க இசையமைப்பாளர் ஜாக் பெர்த்தியே அவர்களுக்காகச் சிறு இலத்தீன் பாடல்களை அமைத்தார். அவற்றுள் நான்கு குரல் ‘மாக்னிஃபிகாத்’ ஒரு கேனன். லூத்தரன் மரபினரான மிகாயேல் பிரிட்டோரியுசின் ‘யூபிலாத்தே தேயோ’ கேனனும் அங்கே பாடப்படுகிறது. இலத்தீன் இன்று எவருக்கும் தாய்மொழியன்று என்பதால் எந்த நாட்டவரும் முந்துரிமை பெறுவதில்லை. ஒரே மெட்டைக் கற்றுக்கொண்டாலே எல்லாக் குரல்களும் கிடைத்துவிடுகின்றன. ஒருவர் குரலை மற்றவர் அடக்காமலே இணையும் இந்த ஏற்பாட்டை நம் சொல் காட்ட வேண்டும் என்று விழைகிறேன்.

ஒரு வேண்டுகோள்: பெர்த்தியேயின் ‘ஊபி காரித்தாஸ்’ போன்றவை ஒரு சிறு தொடரையே எல்லாக் குரல்களும் சேர்ந்து திரும்பத் திரும்பப் பாடுபவை; அவை கேனன்கள் அல்ல. அவற்றுக்கு வேறு சொல் காண்போம். ‘அடியொற்றிசை’யை அங்கே நீட்டிவிட வேண்டாம்.