பாட்டியின் கால்

ஏழைகளை வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில், எங்கள் பங்குக் கோயில் கிளையில், பதினோரு வருஷமாக இருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரிலிருந்து பெருமாள்மலை வரை எட்டு வீடு, அரிசி, மாத்திரை, பென்ஷன் பேப்பர் என்று ஓட்டம்தான். ராத்திரி ஜெபமாலை எடுத்தால் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் தூங்கிவிடுவேன். செய்கிற சேவையே ஜெபம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன ஜூலையில் மூன்று நாள் மௌன தியானத்துக்குப் போனேன். முதல் நாள் பைபிளில் லூக்கா 10, வீட்டு வேலையில் ஓடிய மார்த்தாவும் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட தங்கை மரியாவும். மார்த்தா சமைத்ததை ஆண்டவர் குறை சொல்லவே இல்லை, பலதையும் நினைத்துக் கலங்குகிறாயே என்றுதான் கேட்டார் என்று ஃபாதர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் மதியம் ஆள் வந்தது. பெருமாள்மலைப் பாட்டி நேற்றிலிருந்து சாப்பிடவில்லையாம், என்னைக் கேட்கிறாராம். தியானத்தை விட்டுப் போவதா என்று தயங்கி நின்றேன். "ஜெபத்தில் இருக்கும்போது ஏழை கூப்பிட்டால் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது என்று தம் கன்னியருக்குச் சொன்னவர்தானேம்மா உங்கள் சபையின் பாதுகாவலர்? போ. ஆனால் திரும்பி வந்துவிடு" என்றார் ஃபாதர்.

பாட்டி வீட்டில் அடுப்புக்கு மேலே மலைப்பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கின. வழக்கமாக வாசலில் நின்றே பையைக் கொடுத்து நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்புகிறவள், அன்று மௌனம் இன்னும் கலையாததால் பேச வராமல் பாட்டி பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் இருக்கும். அப்போதுதான் கால் கண்ணில் பட்டது. கட்டைவிரல் நகம் கொம்பு மாதிரி வளைந்து பக்கத்து விரலில் குத்திக்கொண்டிருந்தது. "அடுப்புக்கு நடக்க முடியல தாயி, அதான் கஞ்சி வைக்கல." நாலு வருஷமாகப் போகிற வீடு அது! வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து, நகம் இளகியதும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன், அப்புறம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். சாயங்காலம் தியானத்துக்குத் திரும்பிப் போய் கோயிலில் நற்கருணைக்கு முன் உட்கார்ந்தபோது அழுகைதான் வந்தது.

இப்போது காலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் சும்மா ஆண்டவர் முன்னால் இருக்கிறேன். ராத்திரி, புனித இஞ்ஞாசியார் சொன்ன ஆத்தும சோதனை, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது: இன்றைக்கு யாரைப் பார்த்தும் பார்க்காமல் வந்தேன் என்று கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை எட்டு வீட்டை ஐந்தாகக் குறைத்தேன், சபையில் முணுமுணுத்தார்கள், சரி, மற்ற மூன்றை இன்னொரு அக்கா எடுத்துக்கொண்டார்.

போன வாரம் பாட்டி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கும் உக்காருவல்ல தாயி?"