பேக்கப்புக்கு டிஸ்க் எவ்வளவு, டேப் எவ்வளவு வாங்கணும்?

மார்த்தாண்டம்_சர்வர்:
அண்ணமாரே, ஒரு ஸ்கேன் சென்டர் சர்வர் நாந்தான் பாக்கேன். மொத்தம் 8 டிபி, தினமும் 100 ஜிபி வரை மாறும். வாரம் ஒரு ஃபுல் (மொத்த டேட்டாவும் காப்பி), மத்த நாள் இன்க்ரிமென்டல் (மாறுனது மட்டும் காப்பி), ரெண்டு வாரத்துக்குள்ளது டிஸ்க்ல இருக்கணும், பழசு டேப்புக்கு போணும். எல்டிஓ-8ங்கிற பேக்கப் டேப்ல 30 டிபின்னு போட்டிருக்கே, மூணு ஃபுல் அடங்குமா?

தக்கலை_லினக்ஸ்:
அடங்காது தம்பி. 30ங்கது கம்ப்ரஸ் கணக்கு, அத நம்பி பிளான் போடாண்டாம். உள்ள அளவு 12 தான், ஸ்கேன் படம் ஏற்கெனவே சுருக்கினதுன்னா மேல சுருங்காது, அதனால ஃபுல்லுக்கு ஒரு டேப்னு வையுங்க. டிஸ்க்ல ரெண்டு ஃபுல் 16, பன்னெண்டு இன்க்ரிமென்டல் 1.2, அதோட புது ஃபுல் எழுதி முடியிற வரை பழசை அழிக்கப்பிடாது, அதுக்கு இன்னொரு 8, ஆக 25 டிபி தாண்டிரும். 8 டிபி டிஸ்க் ஆறு, ரெய்டு-6 (ரெண்டு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத மாதிரி சேக்கது) போட்டா 32 கிடைக்கும்.

நாகர்கோயில்_அட்மின்:
நெட்வொர்க் லைன் ஒரு கிகாபிட்டா? அப்ப செகண்டுக்கு சுமார் 110 எம்பி தான், ஒரு ஃபுல்லுக்கே 20 மணி நேரம் ஆகும். டேப் டிரைவ் செகண்டுக்கு 360 எம்பி வரை எழுதும், டேட்டா மெதுவா வந்தா நின்னு பின்னால போய் திரும்ப ஓடும், ஹெட்டும் டேப்பும் சேந்து தேயும். நெட்வொர்க்ல இருந்து நேரா டேப்புக்கு வேண்டாம், முதல்ல டிஸ்க், டேப் டிரைவை அந்த டிஸ்க் இருக்க மெஷின்லயே மாட்டுங்க.

குளச்சல்_கடக்கரை:
ஒரு செட் டேப் மாவட்டத்துக்கு வெளிய, திருநெல்வேலி பக்கம் இருக்கட்டும். 2017 ஒக்கி புயல்ல இங்க நாள்கணக்கா கரண்ட் இல்ல, ஏசி நின்னா ஈரக்காத்து டேப்புக்கு ஆகாது. மாசம் ஒருக்கா ஒரு டேப்பை எடுத்து ரீஸ்டோர் பண்ணியும் பாருங்க, நோயாளிங்க ரெக்கார்டாக்கும்.