பூடான், மொரீஷியஸ்: தொடக்கக் கல்விச் செலவை எப்படி ஒப்பிடுவது?

எல்லைக்கரை மாணவி (சித்தூர் தாலுகா, பாலக்காடு):
அனைவருக்கும் வணக்கம். தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பூடானும் மொரீஷியசும் தொடக்கக் கல்விக்குச் செய்யும் அரசுச் செலவை ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கல்விக்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்தால் பூடான்தான் முன்னே நிற்கிறது. அதை வைத்தே பூடான் சிறுவர்களுக்கு அதிகம் தருகிறது என்று எழுதிவிடலாமா?

ஓய்வு ஆசிரியர் (கொழிஞ்சாம்பாறை):
எழுதக் கூடாது, அம்மா. முதலாவது, அந்த விழுக்காட்டில் கல்லூரிச் செலவும் அடங்கும். இரண்டாவது, மொரீஷியசில் தலைக்கு விழும் உற்பத்தி பூடானைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நூறு ரூபாயில் ஆறு விழுக்காடு எடுத்தால் ஆறு ரூபாய். முந்நூறு ரூபாயில் நான்கே விழுக்காடு எடுத்தாலும் பன்னிரண்டு ரூபாய். போதாக்குறைக்கு, மொரீஷியசில் பிறப்பு குறைந்துகொண்டே வருவதால் அந்தப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பிள்ளைகளும் குறைவு. தொடக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கான செலவு, தலா உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கை யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் வெளியிடுகிறது. அதிலிருந்து தொடங்குங்கள்.

கணக்குப்பிள்ளை (குப்பம், ஆந்திரம்):
ஐயா சொன்னது சரி. ஆனால் அந்தப் பணம் எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பூடானில் கல்வி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை மட்டும் எடுத்தால் தொகை குறைந்து தெரியும். பள்ளிச் செலவின் பெரும்பகுதி 20 மாவட்டங்களின் வரவுசெலவுத் திட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. மேலும், அங்கே எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியிலேயே சிறுவர் வகுப்புகளும் நடப்பதால், தலைமையாசிரியர் சம்பளத்தில் தொடக்கக் கல்வியின் பங்கு எவ்வளவு என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்துதான் பிரிக்க வேண்டியிருக்கிறது. மொரீஷியசில் ஆறாம் வகுப்பு வரை தனிப்பள்ளி என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளிகளுக்கும் அரசு மானியம் உண்டு, உங்கள் கேரளத்து எய்டட் பள்ளிகளைப் போல. அதைத் தனியார் பள்ளி என்று விட்டுவிடாதீர்கள்.

கட்டடச் செலவைத் தனியாக வையுங்கள். பூடானின் 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இந்தியா 4,500 கோடி ரூபாய் அளித்தது. 13ஆம் திட்டத்துக்கு 10,000 கோடி அறிவித்திருக்கிறது. இத்தகைய உதவியில் பள்ளிக் கட்டடங்களும் எழும்பும் நாட்டில், ஒரே ஓர் ஆண்டை எடுத்துப் பார்த்தால் கணக்கு ஏமாற்றிவிடும். ஐந்தாண்டுச் சராசரி எடுப்பது நல்லது.

மலைப்பள்ளி டீச்சர் (மூணாறு):
நான் தோட்டப் பகுதியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நில அமைப்புதான். மொரீஷியஸ் ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீட்டர். 2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்து இலவசம். (அந்த மானியம் எந்தத் துறையின் தலைப்பில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) பூடானோ 38,394 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் மலை. பள்ளிக்கு நடந்தே வர முடியாத பிள்ளைக்கு விடுதியும் சோறும் கம்பளியும் தந்தாக வேண்டும். 1974 முதல் உலக உணவுத் திட்டம் அங்கே பள்ளி உணவுக்குத் துணை நின்று, பிறகு அந்தப் பொறுப்பு அரசின் தோளுக்கு வந்தது. அரிசிக்குப் போகும் பணத்தால் ஒரு பாடமும் கூடுதலாக நடந்துவிடாது; அரிசி இல்லையென்றால் பிள்ளை வகுப்பில் இருக்காது.

மொரீஷியஸ் தொடக்கப் பள்ளிகளில் தமிழும் விருப்பப் பாடம். எட்டுப் பிள்ளைகள் எடுத்தாலும் அதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும். தமிழ் டிவிஷனில் தலை எண்ணிக்கை குறைந்தால் போஸ்ட் போய்விடுமோ என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் பதறுகிற நமக்கு, தலைக்கு ஆகும் செலவு கூடுவதெல்லாம் வீண்செலவு அல்ல என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லைக்கரை மாணவி:
மிக்க நன்றி. டீச்சர், உணவு, விடுதிச் செலவைத் தனி வரிசையாகப் பிரித்து எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: இரு நாடுகளிலும் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது, ஆனால் பள்ளி ஆண்டு அப்படி இல்லையே?

கணக்குப்பிள்ளை (குப்பம், ஆந்திரம்):
ஆமாம். மொரீஷியசில் ஜனவரியிலும் பூடானில் பிப்ரவரியிலும் வகுப்பு தொடங்கும். எனவே ஒரு நிதியாண்டுச் செலவை இரண்டு பள்ளி ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கைச் சராசரியால் வகுத்து, அவ்வாறு செய்ததை அட்டவணையின் அடியில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்.