நியூ சவுத் வேல்ஸுக்கு நாடு கடத்தப்பட்ட ஐரிஷ்காரன்: கைதியா, அடிமையா?

நெய்தல்:
ஐரிஷ் கைதிகளை ‘வெள்ளை அடிமைகள்’ என்று சொல்லும் பதிவுகள் மறுபடி சுற்றுகின்றன. எனக்கு ஒப்பவில்லை. 1791-ல் கார்க் துறைமுகத்திலிருந்து ‘குயீன்’ கப்பல் புறப்பட்டது முதல், அயர்லாந்திலிருந்து நேரே ஆஸ்திரேலியா போன கைதிகள் சுமார் 40,000 பேர். பெரும்பாலோருக்கு 7 வருடம்தான். கெடு தீர்ந்தால் விடுதலைச் சான்று. அங்கே பெற்ற பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரன். அடிமைக்கு இதில் எது இருந்தது?

பழஞ்சுவடி:
‘கெடு தீர்ந்தால்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். 1790களில் வந்த ஐரிஷ் கப்பல்களில் பல, யாருக்கு எத்தனை வருடம் என்ற பட்டியலே இல்லாமல் சிட்னியில் வந்து நின்றன. “என் 7 வருடம் முடிந்தது” என்று ஒருவன் வந்தால் நம்பவும் ஆதாரமில்லை, மறுக்கவும் ஆதாரமில்லை. காலனியின் ஆளுநர் ஹன்டரே இதைப் பற்றி லண்டனுக்கு எழுத வேண்டியிருந்தது. விடுதலை கிடைத்தாலும் ஊர் திரும்பும் கப்பல் கூலி அவனவன் பாடு.

கணக்கப்பிள்ளை:
அந்தப் பத்து வருடக் குளறுபடியை வைத்து மொத்தத்தையும் எடை போடாதீர்கள். 1830களின் விதியைப் பாருங்கள். தனியார் பண்ணை முதலாளியிடம் வேலை செய்ய அரசு ஒதுக்கிய கைதிக்கு வாரப் படி 12 பவுண்டு கோதுமை (சுமார் 5.4 கிலோ), 7 பவுண்டு மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ, உப்பு 2 அவுன்ஸ், சோப்பு 2 அவுன்ஸ். அயர்லாந்தில் உருளைக்கிழங்கை நம்பிக் கிடந்த கூலிக்கு வாரம் மூன்று கிலோ கறி கனவிலும் வந்திருக்காது.

பழஞ்சுவடி:
அதே விதியின் அடுத்த வரியையும் படியுங்கள் ஐயா: கோதுமைக்குப் பதில் மாவு என்றால் 9 பவுண்டுதான். தானியமாகக் கொடுத்தால் நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, ராத்திரி கைத்திருகையில் அவனே அரைக்க வேண்டும். உமி, தவிடு போகத் தட்டில் விழுவது எவ்வளவு என்று கணக்கு எழுதுகிற நீங்களே சொல்லுங்கள்.

நெய்தல்:
படி சண்டை இருக்கட்டும். முதலாளி கை வைக்க முடியாது என்பதுதான் முக்கியம். மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பித்தான் அடிக்க வைக்க வேண்டும். 1832 சட்டப்படி தனி மாஜிஸ்திரேட் 50 கசையடிக்கு மேல் விதிக்க முடியாது. அறுவடை நேரத்தில் ஆளை அனுப்பினால் வேலை கெடும், அடிபட்ட முதுகோடு திரும்பி வருபவனும் சில நாளைக்கு உதவமாட்டான். அதனாலேயே பலர் விட்டுவிட்டார்கள்.

பழஞ்சுவடி:
அந்த மாஜிஸ்திரேட் யார்? பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைக்காரன். இன்று உன் ஆளை நான் விசாரிக்கிறேன், நாளை என் ஆளை நீ. ஒன்பது வால் சாட்டையில் 50 அடி என்றால் தோலில் 450 கோடு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கப்பிள்ளை:
ஆனாலும் வெளியே வர வழி இருந்தது. ஒரே முதலாளியிடம் ஒழுங்காக இருந்தால் 7 வருடக்காரனுக்கு 4 வருடத்தில், 14 வருடக்காரனுக்கு 6 வருடத்தில், ஆயுள்காரனுக்கு 8 வருடத்தில் அனுமதிச்சீட்டு. அதற்குப் பிறகு கூலி பேசி வேலை செய்யலாம்.

பழஞ்சுவடி:
சீட்டில் எழுதிய மாவட்டத்தைத் தாண்டாதவரை. தப்பு செய்தால் சீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். போகட்டும், அயர்லாந்திலிருந்து அங்கே அனுப்பப்படுவதற்கு என்ன குற்றம் வேண்டியிருந்தது தெரியுமா? 1822 கலக ஒடுக்குமுறைச் சட்டப்படி, அறிவித்த வட்டாரத்தில் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு வெளியே நின்றாலே போதும். ஜூரி கிடையாது, 7 வருடம். அதற்கு முன்பும் இப்படித்தான்: ஐரிஷ் கலகத் தலைவர் மைக்கேல் ட்வையரை எடுங்கள். 1803 டிசம்பரில் சரணடைந்தவர், அமெரிக்கா அனுப்புவதாகப் பேச்சு. 1806-ல் இறங்கியது சிட்னியில்! அடுத்த வருடம் கலகக் குற்றச்சாட்டில் நீதிமன்றம் விடுவித்தும், ஆளுநர் பிளை அவரை நார்ஃபோக் தீவுக்கு ஏற்றிவிட்டார்.

நெய்தல்:
ட்வையர் தண்டனைக் கைதியே இல்லை, தீர்ப்பில்லாமல் நாடு கடத்தப்பட்டவர். அவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது. அதோடு 1820-ல் சிட்னிக்குப் பக்கத்து லிவர்பூலில் அவரையே தலைமைக் கான்ஸ்டபிளாக்கினார்கள்.

பழஞ்சுவடி:
மே மாதம் கொடுத்த வேலையை அக்டோபரில் பறித்துவிட்டார்கள், குடி காரணமாம். 1825-ல் கடனாளிச் சிறைக்குப் போய், அந்த ஆகஸ்டில் செத்தார். கடனுக்குச் சிறை போவது சுதந்திர மனிதனுக்கு மட்டுமே வரும் கஷ்டம். அந்த ஒன்றை வேண்டுமானால் உங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.